வேன் அக்கா கால்களைத்தான் பார்ப்பார்

மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. பள்ளி வேன் ஓட்டினார், அதனால் வேன் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த மாணிக்கம் அண்ணன்கூட, சண்டை முற்றிவிட்டால் "இங்க பாருங்க வேன் அக்கா" என்றுதான் ஆரம்பிப்பார். சண்டை என்றால் குத்துச்சண்டையைப் பற்றிய சண்டை.

நான் அப்போது அங்கே ஒரு டயர் கடையில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பாய் கடையில் பசியாறிவிட்டு மதியம்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். கடைக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் மலை நேராக எழும்பி நிற்கும். பத்து மணிவரை வெயில் உள்ளே வராது. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கிற பெரிய சண்டைகள் நமக்கு ஞாயிறு முற்பகலில் வரும். பாய் அதற்கென்றே சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டியிருந்தார். சண்டை இல்லாத ஞாயிறுகளில் பழைய சண்டைகள் ஓடும். எதுவுமே ஓடாவிட்டாலும் எங்கள் மேசையில் அடுத்த சண்டை ஓடிக்கொண்டிருக்கும்.

வேன் அக்கா அந்த மேசைக்கு வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளைகளைக் கோயில் தேவார வகுப்பில் இறக்கிவிடுவார். வகுப்பு பன்னிரண்டுக்கு முடியும். இடையில் வீட்டுக்குப் போய் வர அலுப்பு. பாய் கடையில் பாலில்லாத கோப்பி ஓ ஒன்று வாங்கிக்கொண்டு ஓரத்து மேசையில் தனியாக உட்கார்வார். இரண்டு மாதம் அப்படி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தவர், ஒரு நாள் டிவியைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்வதாக இல்லாமல், "இவன் விழப்போறான்" என்றார்.

திரையில் அந்த ஆள் எதிராளியை மூலையில் தள்ளிவைத்து அடித்துக்கொண்டிருந்தான். மாணிக்கம் அண்ணன் திரும்பிப் பார்த்தார். லகாட் பக்கம் ஒரு கல்லுடைக்கும் ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒவ்வொரு குத்துச்சண்டைக்காரனின் உயரம், எடை, கையின் நீளம் எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருப்பார்.

"அவன்தாம்மா ஜெயிச்சுக்கிட்டு இருக்கான்" என்றார் பொறுமையாக.

"ஆமாண்ணே. ஆனா விழப்போறான்."

அடுத்த ரவுண்டில் விழுந்தான். லேசான அடிதான். கால் இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டதுபோல் மடங்கிப் போனான். மாணிக்கம் அண்ணன் நோட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு மூடிவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்க வந்து உக்காரும்மா, எப்படிச் சொன்னே?" என்று கேட்டார்.

"மேல ஆயிரம் ஏமாத்தலாம்ணே. காலு பொய் சொல்லாது."

மற்றவர்கள் மனிதரைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பார்கள். வேன் அக்காவின் கண் முதலில் தரைக்குத்தான் போகும். அவருடைய வேலைக்கு அது பொருந்தியும் வந்தது. வண்டியை எடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும், குனிந்து வண்டிக்கடியில் பிள்ளைகளின் கால் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பார். மூட்டு வலியோடு அவர் குனிவதைப் பார்த்து, கேமரா பொருத்திக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். கேட்கவில்லை. அவர் வேனில் வந்த ஒரு பையன் பள்ளிக்கூட வாசலில் நாளுக்கு நாள் மெதுவாக இறங்குவதைக் கவனித்து, மூன்றாவது நாள் அவனோடு கூடவே உள்ளே போய்விட்டார். அவனைக் கழிவறையில் வைத்து அடித்துக்கொண்டிருந்த பெரிய பையன்கள் இரண்டு பேர் அன்றைக்குத்தான் பிடிபட்டார்கள். பையன் அதுவரை வீட்டில் வாய் திறக்கவில்லை.

எனக்கு அந்தப் பார்வை கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கும். காம்பாரில் பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் நான் கடைக்குள் நுழைந்ததும், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"என்னா தம்பி, செருப்ப இழுத்துக்கிட்டு வாரே. பொண்ணு வீட்ல வேணாம்னுட்டாங்களா?"

அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அம்மாவிடமே நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு வேன் அக்கா கடைக்குள் வந்தால், என் கால்கள் தாமாகவே நாற்காலிக்கடியில் போய்விடும்.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று சொல்ல முடியாது. மூன்றுக்கு ஒன்று தப்பும். ஆனால் தோற்றேன் என்று அந்த வாயிலிருந்து வராது. ஒரு தடவை அவர் சொன்ன ஆள் முதல் ரவுண்டிலேயே மல்லாந்து விழுந்தான். "சப்பாத்து புதுசு, பாதம் இன்னும் அதுல உக்காரல" என்றார். இன்னொரு தடவை, நடுவர் குறுக்கே வந்து வந்து அவன் நடையைக் கெடுத்துவிட்டார் என்றார். மாணிக்கம் அண்ணன் கெஞ்சிக்கூடப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை, நான் தோத்துட்டேன்னு சொல்லும்மா. காதால கேட்டுக்கிறேன்." வேன் அக்கா ரொட்டி சானாயைப் பிய்த்து டாலில் தோய்த்தபடி, "தோத்தாச் சொல்றேண்ணே" என்பார்.

அந்த வருடத்தின் பெரிய ஹெவிவெயிட் சண்டைக்கு இரண்டு மாதமிருக்கும்போதே பேச்சு தொடங்கிவிட்டது. இரண்டு பேர் பெயரும் எங்கள் வாயில் நுழையவில்லை. பாய்தான் ஒருவனுக்கு நெட்டை என்றும் இன்னொருவனுக்கு இடங்கை என்றும் பெயர் வைத்தார். மாணிக்கம் அண்ணன் நெட்டையின் பக்கம்.

"ஆறடி ஒம்பது அங்குலம். அவன் கைய நீட்டி வச்சான்னா இவன் கிட்டவே போக முடியாது. அப்புறம் எங்கலா குத்துறது?"

"கை நீளமா இருந்து என்னா செய்ய. போன சண்டையில எட்டாவது ரவுண்டுக்கு மேல பின்னங்கால அவன் தூக்கவே இல்ல. தரையில தேச்சுக்கிட்டே வாரான். நீங்க பாக்கலியா?"

"கால வச்சா குத்துறான்?"

"கால வச்சுத்தாண்ணே குத்துறான்."

நான் நெட்டை பக்கம். பாய் வியாபாரத்தை நினைத்து இரண்டு பக்கமும்.

சண்டைக்கு முந்தைய ஞாயிறு மாணிக்கம் அண்ணன் கடைக்கு வரும்போது பத்தே கால். வழக்கமாகப் பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து டிவிக்கு நேரான இடத்தைப் பிடித்துவிடுவார். அன்று வந்ததும் வராததுமாகப் பேச ஆரம்பித்தார். சொல்லெல்லாம் குழறி வந்தது. கோபம் என்று நினைத்தேன். நான் ஒன்று சொன்னேன், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"என்னாண்ணே, பல்லுசெட்ட வீட்லயே விட்டுட்டீங்களா?"

பாயும் சிரித்தார். மாணிக்கம் அண்ணனும் சிரித்தார். தே தாரிக்கை ஒரு வாய் குடித்தபோது இடது கடைவாய் வழியாக வழிந்து சட்டையில் விழுந்தது. பாய் டிஷ்யூவை எடுத்து நீட்டினார். அதற்குப் பிறகும் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

சற்று நேரத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன் அக்கா வந்து சேர்ந்தார். உட்கார்ந்ததுமே மாணிக்கம் அண்ணன் நெட்டையின் கை நீளத்தைத் தொடங்கிவிட்டார்.

"இருங்கண்ணே, ஒங்களுக்கு வாயால சொன்னாப் புரியாது. காட்டுறேன்" என்று வேன் அக்கா தன் செருப்பு இரண்டையும் கழற்றித் தரையில் ஒன்றின் முன்னால் ஒன்றாக வைத்தார். இதுதான் அவர் வழக்கம். அவர் செருப்பு ஒரு ஆள், எதிரே உட்கார்ந்திருப்பவரின் செருப்பு இன்னொரு ஆள். "இது இடங்கை. இவன் முன்னங்கால நெட்டையோட முன்னங்காலுக்கு வெளிப்பக்கமா வைப்பான். வச்சுட்டான்னா நெட்டை திரும்ப முடியாது. ஒங்க சிலிப்பரக் கழட்டுங்க, காட்டுறேன்."

குனிந்தவர் நிமிரவில்லை.

"அண்ணே, இன்னொரு சிலிப்பர் எங்க?"

"போட்டிருக்கேன்லா."

நானும் குனிந்து பார்த்தேன். வலது காலில்தான் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். கணுக்கால்வரை சாக்கடைச் சேறு. சுண்டுவிரல் நகம் பெயர்ந்து இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. வீட்டிலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார். இரண்டு காலிலும் செருப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வேன் அக்கா அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு கையையும் மேல தூக்குங்கண்ணே."

"எதுக்கு?"

"தூக்குங்களேன்."

வலது கை தலைக்கு மேலே போனது. இடது கை மேசை விளிம்பைத் தாண்டவில்லை.

"தூக்கிட்டேன்" என்றார் மாணிக்கம் அண்ணன்.

பாய் டிவியின் சத்தத்தை நிறுத்தினார். வேன் அக்கா எழுந்து நின்று, "ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே" என்றார். மாணிக்கம் அண்ணன் வர மறுத்தார். தனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் அசதி, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்றார். நான் கையைப் பிடித்தேன், உதறினார். அந்த வலது கைக்கு நல்ல பலம் இருந்தது. "சண்டையில தோக்கப்போறேன்னு தெரிஞ்சதும் என்னைக் கெளப்பப் பாக்கிறியாம்மா?" என்று குழறினார். அது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. உண்மையாகவே அப்படி நினைத்தார்.

வேன் அக்கா அவர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆமாண்ணே. நீங்க சொன்னதுதான் சரி. நெட்டைதான் ஜெயிப்பான்."

மாணிக்கம் அண்ணன் அவரையே பார்த்தார்.

"நான் தோத்துட்டேன். பாய் சாட்சி, தம்பி சாட்சி. சண்டை முடிஞ்சிருச்சு. இப்ப நான் கூப்பிட்ட எடத்துக்கு வாங்க."

அவர் வலது கையை மேசையில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நானும் ரொட்டி போடுகிற ஆளும் இரண்டு பக்கமும் தாங்கி வேனுக்குத் தூக்கிப்போனோம். வேன் அக்கா பாயிடம் சொல்லிக்கொண்டே வந்தார். "பன்னெண்டு மணிக்கு வகுப்பு விட்டுரும். பதினோரு பிள்ளைங்க. நீங்களே போயி நில்லுங்க பாய். ஒண்ணுகூடத் தனியா ரோட்டத் தாண்டக்கூடாது." பாய் இடுப்புத் துண்டை அவிழ்த்தபடியே தலையாட்டினார்.

அந்த அவசரத்திலும் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் வேன் அக்கா குனிந்து அடியில் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

ஓட்டிக்கொண்டே என்னை மாணிக்கம் அண்ணன் வீட்டுக்கு போன் போடச் சொன்னார். எத்தனை மணிக்குக் கடைசியாக நன்றாக இருந்தார் என்று மட்டும் கேட்கச் சொன்னார். ஒன்பதரைக்குப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், நன்றாகத்தான் பேசினார் என்று அவர் மனைவி சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் வேன் அக்கா டாக்டரிடம் மலாயில் அதைத்தான் முதலில் சொன்னார். ஒன்பதரைக்கு நன்றாக இருந்தார், பத்தே காலுக்கு ஒரு செருப்போடு வந்தார். டாக்டர் சின்ன வயது மலாய்க்காரப் பெண். நேரத்தை எழுதிக்கொண்டு, கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

அதற்குப் பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மாணிக்கம் அண்ணனின் மனைவி வந்து சேர்ந்து, கொஞ்சம் அழுதுவிட்டுத் தூணோரம் போய்ச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பல்லுசெட்டு என்று கேலி செய்ததை வேன் அக்காவிடம் சொன்னேன். அவர் வருவதற்கு முன்னால் நடந்தது அது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"தெரியாமத்தான சொன்னே. விடு" என்றார்.

"ஒங்களுக்கு மட்டும் எப்படிக்கா தெரியுது?"

எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னார். அதைக் குரலை உயர்த்தாமல், மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்ல இருந்தோம். இப்ப எல்லாம் செம்பனை, அப்ப ரப்பர் பால் மரம். எங்க லயத்துக்கு முன்னால கல்லு கொட்டின வழி. என் வீட்டுக்காரரு வாரது ரொம்ப தூரத்துலயே கேக்கும். நட சீரா இருந்தா, சோத்த சூடு பண்ணுவேன். ஒரு காலு தேய்ஞ்சு தேய்ஞ்சு வந்துச்சுன்னா, பிள்ளைங்க ரெண்டையும் தூக்கிக்கிட்டுப் பின்வாசல் வழியா ஆயா கொட்டகைக்கு ஓடிருவேன். எஸ்டேட்டுப் பிள்ளைங்கள பகல்ல பாத்துக்கிற எடம், அந்தி நேரத்துல காலியா கெடக்கும். பன்னெண்டு வருசம். அவரு மூஞ்சிய நான் பாத்தது கம்மி தம்பி. பாத்ததெல்லாம் காலுதான்."

"இப்ப அவரு?"

"செத்துட்டாரு. ரொம்ப வருசம் ஆச்சு. பழக்கம் மட்டும் விட்டுப் போவல."

நான் போய் இரண்டு மைலோ வாங்கி வந்தேன். இரண்டு பேரும் குடித்தோம்.

மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். பக்கவாதம்தான், மருந்து ஏற்றியாகிவிட்டது, இடது கையை அசைக்கிறார், நேரத்துக்குக் கொண்டு வந்தீர்கள் என்றார். மாணிக்கம் அண்ணனின் மனைவி வேன் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வேன் அக்கா, "பிள்ளைங்கள விட்டுட்டு வந்துட்டேன், பாய்க்கு போன் போடு தம்பி" என்றார். பதினோரு பேரும் பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டார்கள் என்றார் பாய். ஒவ்வொருவருக்கும் ஒரு ரொட்டி சுட்டுக் கொடுத்தாராம். அதைக் கேட்ட பிறகுதான் வேன் அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மாணிக்கம் அண்ணன் நான்கு மாதம் கழித்துக் கைத்தடியோடு பாய் கடைக்கு வந்தார். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. ஒரு வாக்கியம் முடிய அரை நிமிடமாகும். நாங்கள் காத்திருப்போம். முடித்ததும் வேன் அக்கா, "தப்புண்ணே" என்று ஆரம்பிப்பார். மறு வருடம் எனக்கு ஈப்போ டவுனில் வேறு வேலை கிடைத்தது. வேன் அக்கா இரண்டு வருடம் கழித்து வேனை விற்றுவிட்டு கிள்ளானில் இருக்கும் மகளிடம் போய்விட்டார் என்று பாய்தான் சொன்னார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது, மாணிக்கம் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு மறு வாரம், அந்தப் பெரிய சண்டை நடந்த ஞாயிறு.

அன்று நாங்கள் சண்டை பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த ஒரு வாரமும், காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பிறகு, மாணிக்கம் அண்ணனின் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது வேன் அக்காதான். வார்டில் மாணிக்கம் அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கோணலாகச் சிரித்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார்.

"யாரு?"

யார் ஜெயித்தது என்று வேன் அக்காவுக்குத் தெரியாது. என் போனுக்குப் பாய் செய்தி அனுப்பியிருந்தார். சொல்லலாமா என்று மாணிக்கம் அண்ணனின் மனைவியைப் பார்த்தேன். "சொல்லுங்க தம்பி, இல்லாட்டி விட மாட்டாரு" என்றார்.

"இடங்கை. ஒம்பதாவது ரவுண்டு."

மாணிக்கம் அண்ணன் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது அந்தக் கண்ணில் ஒரு குறும்பு வந்திருந்தது. வலது கையால் வேன் அக்காவைச் சுட்டினார்.

"நீயும்... நெட்டைன்னுதான... சொன்னே."

"ஆமாண்ணே."

"அப்ப... நீயும் தோத்துட்டே."

"ரெண்டு பேருமே தோத்துட்டோம்ணே" என்றார் வேன் அக்கா. மாணிக்கம் அண்ணனுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்து எங்களை வெளியே அனுப்பினார்.

வாகனம் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் வேன் அக்கா பக்கவாட்டுக் கதவைத் திறந்து, பிள்ளைகள் உட்காரும் நீள இருக்கையில் கையை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் படுத்துக்கிறேன். நாலு மணிக்கு எழுப்பு. அண்ணன் வீட்டு அக்காவக் கொண்டுபோயி விடணும்."

படுத்ததும் தூங்கிவிட்டார். வாய் திறந்து, குறட்டையோடு, காலை நீட்டி, முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு. நான் முன் இருக்கையில் உட்கார்ந்து கதவைத் திறந்து வைத்திருந்தேன். நான்கு மணி ஆனது. வாசலில் ஜாகா வேலை, காவல் வேலை, பார்க்கும் வயதான மலாய்க்காரர் ஒருவர் வந்து, இங்கே நிறுத்தக்கூடாது, டாக்டருடைய இடம், வண்டியை எடுங்கள் என்றார். நான் பின்னால் கையைக் காட்டினேன். அவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு முடியல?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல பாக்சிக். தூங்குறாங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போய், ஓரத்தில் கிடந்த ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றைத் தூக்கி வந்து, வேனுக்குப் பின்னால் யாரும் வந்து ஹாரன் அடிக்காதபடி வைத்தார். நான் மாணிக்கம் அண்ணனின் மனைவிக்குப் போன் போட்டு, ஐந்து மணிக்குக் கிளம்பலாம் என்று சொன்னேன்.